ஆளோலையில் எழுதாத தொகை: வளரிளம் பருவத்தினருக்கான பக்தி, புராண நூல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓர் இருளர் குடியிருப்பில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் மாலை வகுப்பு மாதிரி ஒன்று நடத்துகிறோம். வகுப்பு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பிள்ளைகள் வருவார்கள், படிப்பார்கள், பாதியில் எழுந்து ஓடுவார்கள். போன வருஷம் நல்லெண்ணம் கொண்ட ஒருவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்தார். 43 புத்தகங்கள். நாயன்மார் கதைகள், ஆழ்வார் கதைகள், சுருக்க ராமாயணம், சுருக்க பாரதம், ‘நம் நாட்டு மொழிகள்’ வகையில் இரண்டு, படக்கதைகள் பத்துப் பதினைந்து. எல்லாமே பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்காக என்று அட்டையிலேயே போட்டவை.

அதில் ஒன்றைப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் சத்தமாகப் படித்தான். சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். மாப்பிள்ளையைப் பார்த்து ‘நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது’ என்கிறார். பையன் அங்கே நிறுத்திக் கேட்டான்: “சார், அவங்க தாத்தா எம்மாம் துட்டு வாங்கனாரு?”

என்னிடம் பதில் இல்லை. புத்தகத்திலும் இல்லை. எம்.ஏ.வில் பெரியபுராணம் படித்தவன் நான். தடுத்தாட்கொண்ட புராணத்தில் இருந்து பரீட்சைக்குப் பதினைந்து மார்க் கட்டுரை எழுதியவன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தப் பையனுக்குத் தோன்றியதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அவன் குடும்பம் செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கி, கழியாமல், இரண்டு வருஷம் அங்கேயே கிடந்து மீண்ட குடும்பம். அவனுக்குத் தெரிந்த ஆவணங்கள் இரண்டு. ஒன்று, ஓனர் நோட்டில் அப்பா பேருக்கு நேரே எழுதிய தொகை. இன்னொன்று, கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விடுதலைச் சான்று. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் உழைப்பது அவனுக்குப் புராணம் இல்லை.

திருவெண்ணெய்நல்லூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓலையை விசாரித்த சபை கூடிய ஊர் அது. விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

இப்போது இந்தக் கதையைப் பெட்டியில் இருந்த புத்தகம் எப்படிச் சொல்கிறது, சேக்கிழார் எப்படிச் சொல்கிறார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புத்தகத்தில் நாலு பக்கம்தான். கிழவர் வந்தார், சுந்தரர் கோபப்பட்டார், ஓலையைக் கிழித்தார், சபையார் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள், கிழவர் கோயிலுக்குள் மறைந்தார், அவர் சிவபெருமான், ஆகவே இறைவனுக்கு அடிமை செய்வதே பிறவிப் பயன். அவ்வளவுதான். அடிமை என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு ஒன்று: ‘தொண்டன்’.

சேக்கிழார் இவ்வளவு அப்பாவி இல்லை. சோழ அரசின் நிர்வாகம் தெரிந்தவர். ஓர் அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவது எங்கேயாவது உண்டா, கேட்டதே இல்லையே என்று சுந்தரரையே கேட்க வைக்கிறார். வழக்கின் மையமே அந்தக் கேள்விதான். அந்தணர் அடிமையாவது வழக்கத்தில் இல்லை என்றால், வேறு சிலர் ஆவது வழக்கத்தில் உண்டு என்றுதானே அர்த்தம்? பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரதி தன் காலத்தின் ஒழுங்கை வாய்தவறி உளறிவிடுகிற இடம் இது. அதற்குப் பிறகு நடப்பது சுத்தமான கோர்ட் நடைமுறை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். சபை மூல ஓலையைக் கேட்கிறது. தாத்தாவின் கையெழுத்துத்தானா என்று பார்க்க, அவர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவந்து ஒப்பிடுகிறார்கள். சோழர் காலத்தில் ஆள்களை விற்றதற்கும், தங்களையே விற்றுக்கொண்டதற்கும் ஆவணங்கள் இருந்தன; ஆளோலை என்றும் ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு என்றும் அவற்றுக்குப் பெயர். ஆ. சிவசுப்பிரமணியன் தமிழக அடிமைமுறை பற்றிய தன் நூலில் இதையெல்லாம் திரட்டித் தந்திருக்கிறார். சேக்கிழாருக்கு இந்தப் பத்திரங்களின் வாசகம் பழக்கப்பட்டது. ஆனால் புராணத்து ஓலையில் தொகை மட்டும் இல்லை. வழிவழியாக அடிமை செய்வோம் என்று இருக்கிறது, எதற்காக என்று இல்லை. நம்ம பையன் கைவைத்தது சரியாக அந்த ஓட்டையில்தான்.

(1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்னோர் எழுதிக் கொடுத்ததற்காகச் சந்ததி உழைக்க வேண்டும் என்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. வழக்குத் திண்டிவனம் சார் ஆட்சியரிடம் வந்திருந்தால் பெருமான் பாடு கஷ்டம்தான்.)

இதோடு நிறுத்தினால் நானும் அநியாயம் செய்தவன் ஆவேன். அதே பெரியபுராணத்தில் இந்த அடிமை பிறகு தம்பிரான் தோழர் ஆகிவிடுகிறார். ஆண்டையைத் திட்டுகிறார், பொன் கேட்கிறார், நெல் கேட்கிறார், அதைத் தூக்கிவர ஆள் கேட்கிறார். பரவை வீட்டுக்கு நடுராத்திரியில் தூது போகச் சொல்கிறார், அதுவும் இரண்டு தடவை. அடிமைக்காக ஆண்டை தெருவில் நடக்கிற காட்சி, உறவைத் தலைகீழாக்குகிற காட்சி. பிள்ளைகள் புத்தகத்தில் அது இல்லை. பரவை, சங்கிலி என்று இரண்டு பெண்கள் வருவதால் ‘வயதுக்குப் பொருந்தாது’ என்று வெட்டியிருப்பார்கள். ஆக, அடிமைப் பத்திரம் பதின்மூன்று வயதுக்குப் பொருந்தும், ஆண்டவன் தூது போவது பொருந்தாது. வயது என்கிற அளவுகோல் யாருடைய கையில் இருக்கிறது பாருங்கள்.

இந்த வகை நூல்களின் வரலாறு ஒன்றும் பழமையானதல்ல. புராணங்கள் பிரசங்கத்திலும் கூத்திலும் பாரதம் படிப்பதிலும் எல்லா வயசுக்காரர்களுக்கும் ஒன்றாகத்தான் சொல்லப்பட்டு வந்தன. ‘இது பிள்ளைகளுக்கான புராணம்’ என்று தனியாக ஒன்று பிறந்தது அச்சும் பள்ளியும் நடுத்தர வர்க்கமும் சேர்ந்த பிறகு. தமிழில் இதன் முன்மாதிரி என்று ராஜாஜியின் வியாசர் விருந்தையும் சக்கரவர்த்தித் திருமகனையும்தான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்டவை இல்லை என்றாலும், வீட்டில் பிள்ளைகள் கையில் கொடுக்கப்பட்டவை அவைதான். பின்னது 1958இல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கியது. எளிய நடை, சின்ன வாக்கியம், இடையிடையே ஒரு பெரியவரின் புத்திமதி. இந்தச் சட்டகத்தைத்தான் எல்லோரும் இன்றுவரை நகலெடுக்கிறார்கள். அடுத்தது 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை. டெல்லி தொலைக்காட்சி வினாடிவினா ஒன்றில் கிரேக்கப் புராணத்துக்குப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு ராமனின் தாயார் பெயர் தெரியவில்லை, அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். எந்தப் பிள்ளைகள் அவை? 1967இல் டெல்லியில் டி.வி. வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய மறதிக்கு மருந்தாகத் தயாரித்ததை, எதையும் மறக்காத எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஊற்றுகிறார்கள். திரௌபதி யார் என்று மேல்மலையனூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் படம் போட்டு அறிமுகம் செய்வதைவிட வேடிக்கை வேறு உண்டா?

பார்த் சொன்னது போல, வரலாற்றை இயற்கையாக்கிக் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை. இந்தப் புத்தகங்கள் அதை இரண்டாம் தடவை செய்கின்றன. ஏற்கெனவே தொன்மமாக இருப்பதிலிருந்து மிச்சம் மீதி வரலாற்றையும் துடைத்து எடுத்துவிடுகின்றன. ராஜாஜி உத்தரகாண்டத்தை எழுதவில்லை. சீதையைக் காட்டுக்கு அனுப்புவதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. மனிதாபிமானமாகத்தான் தெரிகிறது. கம்பனும் பட்டாபிஷேகத்தோடு முடித்தவன்தான். ஆனால் உத்தரகாண்டத்தில் சீதை மட்டும் இல்லையே, சம்பூகனும் இருக்கிறான். தவம் செய்ததற்காகத் தலை வெட்டப்பட்ட சூத்திரன். சீதைக்காக மூடிய கதவு சம்பூகனையும் சேர்த்து மூடிவிடுகிறது. இரக்கத்தால் ஏற்படும் மௌனமும் மௌனம்தான்.

நாவுக்கரசர் கதைக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொந்தமாக ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறபோது என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் நயினார் வீட்டுப் பையன். தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. பெரும்பாலும் விவசாயிகள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள் என்பதுதான் அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம். ஒரு பேச்சுப்போட்டியில் எனக்கு நாவுக்கரசர் தலைப்பு. பரிசாக வந்த நாயன்மார் கதைப் புத்தகத்தை மனப்பாடம் செய்து முழங்கினேன். சூலை நோய், சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள், நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் போட்டது, கல் மிதந்தது. ஒவ்வொரு தடவையும் ‘கொடிய சமணர்கள்’ என்று குரலை ஏற்றினேன். கைத்தட்டல், முதல் பரிசு. அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் என்னோடு பேசாமல் போனான் என்றெல்லாம் கதை விட மாட்டேன். பேசினான். அன்றைக்குச் சாயங்காலமே ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்தோம். அவன் பாட்டுக்கு, “எங்க வீட்ல யாரும் அப்பிடி இல்லடா” என்றான். நான் சிரித்தேன்.

அந்த வருஷமே இலக்கணப் பாடத்தில் நன்னூல் வந்தது. எழுதிய பவணந்தி சமண முனிவர். நாலடியார் சமணரது, சீவக சிந்தாமணி சமணரது. செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்கிற துறவியின் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தாண்டிப் போக முடியாத கல்வெட்டு அது. ஆக அந்தப் பையனுக்கு முதல் பீரியடில் இலக்கணம் கொடுத்தவன் அவனுடைய முன்னோன், அடுத்த பீரியடில் காளவாயை மூட்டியவனும் அவனுடைய முன்னோன். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்று எந்தப் பிள்ளைகள் புத்தகமாவது யோசித்திருக்கிறதா?

இன்னொன்று. அப்பருடைய காலம் ஏழாம் நூற்றாண்டு, சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு வருஷம். அதிலும் பெரியபுராணம் பிறந்த கதையாகச் சைவ மரபே சொல்வது என்ன? சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அவனை மீட்க எழுதப்பட்டது என்பதுதானே! ஒரு பிரதியை இடம்பெயர்க்க எழுதப்பட்ட இன்னொரு பிரதி. அந்த நோக்கத்தை அது ஒளிக்கவும் இல்லை. மனம் மாறிய பல்லவன் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்பதையும் சேக்கிழார் பெருமையாகவே பாடுகிறார். அந்த மன்னன் மகேந்திரவர்மன்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கொண்டால், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்தவனும் அவனே. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறோம். கைலாசபதி ‘நாடும் நாயன்மாரும்’ கட்டுரையில் இந்தச் சண்டைக்குள் இருந்த நிலவுடைமைக்கும் வணிகத்துக்குமான முரணைக் காட்டி எவ்வளவோ காலமாயிற்று. ஆய்வில் இவ்வளவு நடந்த பிறகும் பிள்ளைகள் புத்தகத்தில் நல்லவர் – கெட்டவர் கதை அப்படியே நிற்கிறது. அதில் மிஞ்சுவது எதிரி மட்டும்தான். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது எதிரியைத் தயாரிக்கிற சூத்திரத்தை. பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டால் பிற்காலத்தில் எதற்கும் பயன்படும்.

நந்தன் கதையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு அது அத்துப்படி. சேக்கிழாரில் இல்லாத வேதியப் பண்ணையாரைக் கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார். பண்ணையடிமைத்தனம் அதன் வழியாகக் கதைக்குள் வந்துவிட்டது. எங்கள் பெட்டிப் புத்தகத்தில் பண்ணையாரும் இல்லை, தீயும் இல்லை. ‘நந்தனார் ஜோதியில் கலந்தார்’ என்று ஒரே வரி. தீயில் இறங்காமல் உள்ளே போக முடியவில்லை என்பதைச் சொல்லாமல் எப்படி இந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்பதே ஒரு திறமைதான்.

மேல்பாதிக்குப் போவோம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில். அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. 2024 மார்ச்சில் பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்யத் திறந்தார்கள். தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரலில். யாருடைய கோயில் இது? சபையில் முடியைப் பிடித்து இழுத்துவரப்பட்டு, நான் யாருடைய அடிமை, என்னைப் பந்தயம் வைக்க அவனுக்கு என்ன உரிமை என்று சட்டம் கேட்டவளுடைய கோயில். பாரதத்தில் அடிமைமுறையைப் பற்றிக் கேட்கப்பட்ட மிகக் கூர்மையான கேள்வி அதுதான். பீஷ்மனுக்கே பதில் தெரியவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த மூன்று பாரதங்களிலும் சேலை வளர்கிற அற்புதம் இருக்கிறது, ஒன்றிலும் அந்தக் கேள்வி இல்லை. ஆனால் கூத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கூத்தில் துகிலுரிதல் அன்று திரௌபதி வேஷக்காரர் சபையைப் பார்த்துக் கேட்பார், சபை என்றால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊர்தான். இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான் வில்லிபுத்தூரார் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் பாரதம் பாடினார். அதை வைத்துத்தான் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, பதினெட்டாம் போர் நடத்திப் படுகளம் போடுகிறார்கள். இங்கே பாரதம் மண்ணில் படுத்துக் கிடக்கும் துரியோதனன் உருவம். அதன்மேல் நடக்க யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்பது ஒவ்வொரு ஊரிலும் சாதிக் கணக்கு. கூத்தை லட்சியப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திரௌபதியின் கேள்வியை விடிய விடிய கேட்ட ஊர்தான் விடிந்ததும் கேட்டைப் பூட்டுகிறது. ஆனாலும் கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. புத்தகத்தில் அதுகூட இல்லை.

அரவானையும் தேடிப் பார்த்தேன். வியாசரில் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் சாகிறவன். தமிழில் அவன் களப்பலி. பெருந்தேவனார் காலத்திலிருந்தே அப்படித்தான். கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்க வரும் திருநங்கைகளை எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் பார்க்கிறார்கள். நான் சொல்வது பன்னிரண்டு – பதினைந்து வயதைப் பற்றி. தன் உடம்பு தனக்குச் சரியில்லை என்று ஒரு பிள்ளை கண்டுகொள்கிற வயது அது. அந்தப் பிள்ளைக்கு நம் ஊர்ப் பாரதத்தில் ஓர் இடம் இருக்கிறது. மூன்று புத்தகத்திலும் அரவான் இல்லை.

மொழிப் புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாவது அட்டவணையைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். 1950இல் பதினாலு, 2003இன் திருத்தத்துக்குப் பிறகு இருபத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ‘வணக்கம்’ எப்படிச் சொல்வது. திண்டிவனம் பஸ் நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பேசுகிற வாக்ரிபோலி அந்த இருபத்திரண்டில் இல்லை. அதுவும் இந்தோ-ஆரிய மொழிதான், குஜராத்திக்கு உறவு என்கிறார்கள் மொழியியலாளர்கள். எழுத்து இல்லாததால் படம் போட முடியவில்லை போலும். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு; அதைத் திந்திரிணி வனம் என்று சமஸ்கிருதத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. ஒரு பிள்ளைக்கு மொழிகளின் உறவை, அதிகாரத்தை, கொடுக்கல் வாங்கலைச் சொல்லித்தர இந்த ஊர்ப்பெயர் ஒன்று போதும்.

எங்கள் குழுவில் இதெல்லாம் பெரிய சண்டையாகிவிட்டது. தோழர் ஒருவர், பெட்டியை அப்படியே பழைய பேப்பர் கடையில் போடு, புராணக் குப்பையைப் பிள்ளைகளுக்கு எதற்குக் கொடுக்கிறாய் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பெரியாரின் இராமாயணப் பாத்திரங்கள் இல்லாமல் நானே இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. ஆனால் நாம் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? 1946இல் புலவர் குழந்தை இராவண காவியம் எழுதினார், 1948இல் தடை செய்தார்கள், 1971இல் தடை நீங்கியது. மகத்தான காரியம். ஆனால் அந்தச் செய்யுளைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மட்டும் இல்லை, எம்.ஏ. படித்தவனே அகராதியோடுதான் படிக்க வேண்டும். எதிர்ப் பிரதியைப் பண்டிதருக்கு எழுதிவிட்டுப் பிள்ளைகளை மறுபக்கத்தாரிடம் விட்டுவிட்டோம். பல ராமாயணங்கள் உண்டு என்று சொன்ன ஏ.கே. ராமானுஜனின் கட்டுரையை 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்தார்கள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கே பன்மை தாங்காது என்கிறார்கள். அப்படியானால் பன்னிரண்டு வயதில்தான் அதை ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்டியைப் போட்டுவிட்டால் அந்தப் பையனின் கேள்வியையும் சேர்த்துத்தான் போடுகிறோம். கேள்வி கதையிலிருந்துதான் வந்தது, நம் பகுத்தறிவு வகுப்பிலிருந்து வரவில்லை.

தோழர் சமாதானம் ஆகவில்லை. ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வெண்ணெய்நல்லூர் வழக்கை மூலத்திலிருந்து படித்துச் சொன்னேன். பிள்ளைகள் அதைப் பஞ்சாயத்தாக நடத்திப் பார்த்தார்கள். சபையில் உட்கார்ந்த பெண்பிள்ளை ஒருத்தி ஓலையைக் கையில் வாங்கி, “தொக எழுதல. சாட்சியும் யாருன்னு சொல்லல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கிழவராக நடித்தவன், “நான் சாமி” என்றான். “அத மொதல்லியே சொல்லணும்” என்றாள்.

இப்போதைக்குப் பெட்டி வகுப்பில்தான் இருக்கிறது. எங்களுக்கு வேறு சில புத்தகங்கள் வேண்டும், அவை இல்லை. சமணருடைய ஸ்ரீபுராணம் மணிப்பிரவாளத்தில் இருக்கிறது. அதன் கதைகளைப் பிள்ளைகள் படிக்கிற தமிழில் யாராவது எழுத வேண்டும். இருளரின் கன்னியம்மா, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது, அதைப் பற்றி அவர்களே சொல்கிற கதைகள் வேண்டும். கூத்து வாத்தியார்கள் சொல்கிற திரௌபதி சபதம், அரவான் களப்பலி வேண்டும், அச்சில், பெரிய எழுத்தில். எழுதக்கூடியவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் படித்துக் காட்டலாம். நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் இருப்பார்கள். சவுக்கு வெட்டு சீசனில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.